இழுத்தது அவர்கள், இழுப்பு எனக்கா?

கல்குளம் வட்டத்தில் ஒரு ஜங்ஷனில் சாயாக்கடை நடத்தும் 46 வயது வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வாழ்நாளில் பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆனால் மூன்று வருடமாக ராத்திரி நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் சத்தம், விடியற்காலையில் இருமல். மழை தொடங்கினால் மாடிப்படி ஏறவே மூச்சு முட்டுகிறது. கடை காலை நாலரைக்குத் திறக்கும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள்தான் முதலில் வருவார்கள். ஆளுக்கு ஒரு கட்டன் சாயா, ஒரு பீடி. சின்னக் கடை, அதற்குள் எப்போதும் நாலைந்து பேர் புகைத்துக்கொண்டிருப்பார்கள். கல்லாவில் இருக்கும் அண்ணனும் சிகரெட் பிடிப்பவர். அப்பா இறந்த பிறகு குடும்பத்தைத் தாங்கியவர், கடையைத் தொடங்கியவர் அவர். அவரை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை என்கிறார் தம்பி. 12 வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அவளுக்கும் ராத்திரி இருமல்.

மருத்துவர் ஒருவர் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதித் தந்திருக்கிறார். "அது பழகிப்போயிரும், பிறகு விட முடியாது" என்று மைனி (அண்ணன் மனைவி) சொன்னதால் இவர் அதைத் தொடவில்லை. மெடிக்கலில் வாங்கும், மூச்சை உடனே திறந்துவிடும் சால்பியூட்டமால் மாத்திரையில் காலம் ஓடுகிறது. "இழுத்தது அவர்கள், இழுப்பு மட்டும் எனக்கு எப்படி வந்தது? எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா? புகைபிடிக்காதே என்று போர்டு வைத்தால் எதிர்க் கடைக்குப் போய்விட மாட்டார்களா? அந்தச் சட்டம் பெரிய ஓட்டலுக்குத்தானே?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. "தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் திருவனந்தபுரத்தில் எட்டு நாள் இருந்தோம். அங்கே ஒரு நாளும் மாத்திரை போடவில்லை." கல்யாண வீட்டில் தூசி இருந்திருக்கும், பூ, சாம்பிராணி, தூக்கக்கேடு எல்லாம் இருந்திருக்கும். அப்படியும் மூச்சு சீராக இருந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பி எத்தனையாவது நாள் மறுபடி தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். வேலை செய்யும் இடத்தில் நோய் கூடி, விலகினால் குறைகிறது என்றால், அந்த இடத்துக் காற்றைத்தான் மருத்துவர்களான நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

அந்தக் காற்றில் இருக்கும் எல்லாவற்றையும் பீடி மேல் போடவும் நான் தயாராக இல்லை. பாலுக்கும் வெந்நீருக்கும் விறகடுப்பு, மழை நாளில் ஈர மட்டையும் தேங்காய்த் தொண்டும் எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வடைச் சட்டியின் எண்ணெய்ப் புகை வேறு. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனாலும் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் நீங்கள் சுவாசிப்பதில் பெரும்பங்கு மற்றவர்களின் புகையிலைப் புகை.

"இழுத்தது அவர்கள்தானே" என்ற கேள்விக்கு வருகிறேன். சிகரெட்டிலிருந்து இரண்டு விதமாகப் புகை வருகிறது. பிடிப்பவர் இழுத்து ஊதுவது ஒன்று. இழுப்புக்கு இழுப்பு நடுவே விரலிடுக்கில் சும்மா புகைந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவது இன்னொன்று. மூடிய இடத்தில் மிதக்கும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிவதால், எடைக்கு எடை பார்த்தால் இதில்தான் நஞ்சு அதிகம். வடிகட்டிகூடக் கிடையாது. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் 70 அளவில் புற்றுநோயை உண்டாக்குபவை. பீடி வெறும் இலைதானே என்று உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னாராம். இலைக்குள் சுருட்டியிருப்பதும் புகையிலைதான். சாதாரண சிகரெட்டைவிடப் பீடியிலிருந்து நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகவே வருகின்றன.

நீங்கள் ஒருவர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2016-17-ல் இந்தியா முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்கள் பெரியவர்களில் 10.7 சதவீதம். வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவர்களோ 38.7 சதவீதம்.

அண்ணன் சொல்லும் பதிலையும் எழுதியிருந்தீர்கள். "நம்ம பாட்டா 86 வயசு வரை பீடி பிடிச்சாரு, ஒரு நாள் ஆஸ்பத்திரி போனதில்ல." இப்படி ஒரு பாட்டா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார், எங்கள் குடும்பத்திலும் இருந்தார். அவர்களோடு சேர்ந்து பீடி பிடித்து ஐம்பதிலும் அறுபதிலும் போனவர்களைப் பற்றி யாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை, அவ்வளவுதான்.

மாத்திரையும் இன்ஹேலரும்

சாயா ஆற்றும்போது கை நடுங்கிச் சிந்துகிறது, நரம்புத் தளர்ச்சியோ என்று பயப்படுகிறீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு. நீங்கள் போடும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து, அதாவது 4,000 மைக்ரோகிராம். அதே மருந்தை இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, கடைசியில்தான் நுரையீரலுக்கு வருகிறது. வழியில் கையை நடுங்க வைக்கிறது, நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. மைனி பயப்படும் இன்ஹேலரோ நாற்பதில் ஒரு பங்கு மருந்தை நேராகச் சேர வேண்டிய இடத்துக்கே கொண்டுபோகிறது.

பழகிப்போகும் என்பது தமிழ்நாடு முழுக்க நான் கேட்கும் பேச்சு. இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. ஆஸ்துமா நீண்டகால நோய் என்பதால் மருந்தும் நீண்டகாலம் தேவைப்படுகிறது. கண்ணாடி போட்டவர் தினமும் கண்ணாடி போடுவதை நாம் பழக்கம் என்று திட்டுவதில்லையே.

இன்னொரு விஷயம். மூச்சை உடனே திறந்துவிடும் மருந்தை மட்டும் தொடர்ந்து எடுப்பது ஆபத்தானது. உள்ளே மூச்சுக்குழாய் வீங்கியிருப்பது அப்படியே இருக்கும், மேலுக்கு மட்டும் சரியானதுபோல் தெரியும். 2019-லிருந்து உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல்களும், பெரியவர்களுக்கு அந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரையும் சேர்த்தே கொடுங்கள் என்கின்றன. உங்கள் மருத்துவர் எழுதித் தந்திருப்பது அந்தக் கூட்டு மருந்துதான். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், அவர் முன்னால் ஒரு தடவை உபயோகித்துக் காட்டுங்கள். பாதிப் பேர் தொண்டைக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், ஊதிப் பார்க்கும் சோதனை, ஸ்பைரோமெட்ரி, இதுவரை எடுக்கவில்லை என்று தெரிகிறது. இத்தனை வருடம் புகையில் நின்ற 46 வயதுக்காரருக்கு இது அவசியம். ஆஸ்துமாவா, அல்லது புகையால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் சி.ஓ.பி.டி-யா என்று அதில் பார்க்கலாம். சி.ஓ.பி.டி புகைபிடிக்காதவர்களுக்கும் வரும். அடுப்புப் புகையாலும் வரும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவைக் கேட்டுப் போங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதால் சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான், பயமுறுத்த இல்லை.

ஒருவேளை ராத்திரி ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், மருந்து அடித்தும் குறையவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன்

இதற்குப் பணம் செலவழிக்கும் முன் ஒரு நிமிடம். ஃபேன் போட்டால் வாசனை குறையும், கண் எரிச்சல் குறையும். அதனால்தான் புகை போய்விட்டது என்று நம்பிவிடுகிறோம். புகையிலைப் புகையின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. ஒருவர் பிடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் பற்றவைக்கும் சின்னக் கடையில் எந்த ஃபேனும் அதோடு போட்டி போட முடியாது. 2006-ல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை இதை நேராகவே சொன்னது: அடுத்தவர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது, காற்றோட்டத்தாலும் வடிகட்டியாலும் அதை முழுதாக நீக்க முடியாது. ஃபேன் போடுங்கள், ஆனால் அடுப்புக்கு மேலே போடுங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் உங்களுக்கு நோய் கூடுவதற்கு ஈரமும் சளிக் காய்ச்சலும் ஒரு காரணம். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் எல்லாரும் உள்ளே வந்து, ஷட்டரைப் பாதி இறக்கி, அங்கேயே பற்றவைப்பது இன்னொரு காரணம்.

சட்டம் யாருக்கு?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தை நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிவிட்டது. பெரிய ஓட்டலுக்குத்தான் என்று உங்கள் நண்பர் சொன்னது தலைகீழ். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கின்றன. முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகமும், முப்பது அறையாவது உள்ள ஓட்டலும், விமான நிலையமும் மட்டும், நாலு பக்கமும் சுவர் எழுப்பி, தானாக மூடும் கதவு வைத்து, தனிப் புகை அறை வைத்துக்கொள்ளலாம். சலுகை பெரிய இடங்களுக்குத்தான். உங்கள் கடைக்கு அதுவும் கிடையாது.

காசு வாங்கிக்கொண்டு தின்னவோ குடிக்கவோ கொடுக்கும் எந்த இடமும் இதில் அடங்கும், அதைச் சுற்றியுள்ள திறந்த இடமும் சேர்த்து. ஆகவே வாசலில் போட்ட பெஞ்சும் கடைதான். பக்கத்து பஸ் ஸ்டாப்பில் போய்ப் பிடியுங்கள் என்று அனுப்பவும் முடியாது, அதுவும் தடை செய்த இடம். மீறிப் பிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கடைக்காரர் கண்டுகொள்ளாமல் இருந்தால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனைக்கும் அவர் பொறுப்பு. வாசலில் குறைந்தது 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் 'இங்கு புகைபிடிப்பது குற்றம்' என்று போர்டு வைக்க வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்று ஒரு பெயரும் எழுத வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. உங்கள் கடை முகப்பில் பீடி பற்றவைக்க நாள் முழுக்கப் புகைந்துகொண்டு தொங்குகிறதே கயிறு, அதுவும்தான். அது பீடி இல்லாத நேரத்திலும் உங்கள் முகத்தில் புகைகிறது என்பது தனிக் கதை.

மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "கூட்ட நேரத்தில் அவளே சிகரெட் எடுத்துக் கொடுத்துச் சில்லறை வாங்குவாள், கெட்டிக்காரி" என்று எழுதியிருந்தீர்கள். 18 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்கவும் கூடாது, 18 வயது ஆகாதவர் விற்கவும் கூடாது. சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி ஏழு வருடம் வரை சிறை இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் தடை. அந்தத் தூரத்தையும் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். சட்டம் கிடக்கட்டும், இருமும் பிள்ளைக்கு அந்தக் கடையில் இடமில்லை. வீட்டுப்பாடத்தை அவள் பெரியம்மா வீட்டில் எழுதட்டும். அவளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களும் வீட்டுக்குப் போனதும் சட்டையை மாற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

வியாபாரம் போய்விடுமா?

"சர்க்காரே வரி வாங்கிக்கொண்டு விற்க விடுது. என் கடையில் மட்டும் பிடிக்கக் கூடாதா? பால் வெட்டுறவனுக்கு இருக்கிற ஒரே சுகம் அது." அண்ணனின் இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அபராதம் என்று வந்தால் பெரும்பாலும் அது கைலி கட்டியவரைத்தான் பிடிக்கிறது, காரில் உட்கார்ந்து பிடிப்பவரை இல்லை என்பதும் உண்மை. ஆனால் தடை புகைப்பதற்கு இல்லை, அந்த இடத்துக்கு. பால் வெட்டுகிறவர் கடையில் இருப்பது பத்து நிமிடம். அங்கிருந்து எழுந்து போக முடியாதவர் நீங்கள் ஒருவர்தான். 2004 மார்ச் 29-ல் அயர்லாந்து நாடு முழுக்க வேலையிடங்களில் புகையைத் தடை செய்தபோதும் முன்வைத்த நியாயம் இதுவே: குடிக்க வருகிறவர் வேறு கடைக்குப் போகலாம், பாரில் வேலை செய்கிறவர் எங்கே போவார்?

நம் பக்கத்திலேயே 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. அந்த நாட்களில் திருவனந்தபுரம் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டியதும் இறங்கி, ஏதோ சுதந்திரம் கிடைத்ததுபோல் ஒன்று பற்றவைப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து, 2001 நவம்பரில், உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு இந்தப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது.

கடையில் தடுத்தால் வீட்டில் போய்ப் பிடிப்பார்கள், பிள்ளைகளுக்குத்தான் கெடுதல் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2006 மார்ச்சில் தடை வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகளின் எச்சிலில் நிகோடின் தடயம் கூடவில்லை, குறைந்தது. அதற்கு முன் 15 வயதுக்குட்பட்டவர்கள் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்வது வருடத்துக்கு 5.2 சதவீதம் கூடிக்கொண்டிருந்தது. தடைக்குப் பிறகு வருடத்துக்கு 18.2 சதவீதம் குறைந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த எண்கள் பெரிய விஷயம்.

உங்கள் வரவு செலவுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. வெளிநாடுகளில் நடந்த கவனமான ஆய்வுகள், தடையால் உணவகங்களின் மொத்த வியாபாரம் விழுவதில்லை என்கின்றன. ஆனால் எதிர்க் கடை பத்தடியில் இருக்கும் ஒரு ஜங்ஷன் சாயாக்கடையை அவர்கள் ஆராயவில்லை. முதல் மாதம் சிலர் போவார்கள். புகை காரணமாகவே இதுவரை உள்ளே வராமல், பார்சல் வாங்கிப் போகிற பெண்களும் பிள்ளைகளோடு வருகிறவர்களும் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். எதிர்க் கடைக்காரரிடமும் பேசுங்கள். அவரும் புகைக்குள்தானே நிற்கிறார். இரண்டு கடையிலும் ஒரே நாளில் போர்டு ஏறினால் யாருக்கும் நட்டமில்லை. "நான் சொல்லல அண்ணாச்சி, சுகாதார ஆய்வாளர் வந்து எழுதிட்டுப் போவாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். கேட்கக் கூச்சப்படும் உங்களைப் போன்றவருக்குச் சட்டம் நல்ல சாக்கு.

அண்ணனிடம்

மற்றதையெல்லாம்விட இதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று தெரிகிறது. கல்லாவில், வாடிக்கையாளர் முன்னால் பேச்சை எடுக்காதீர்கள். கடை அடைத்த ஒரு மதியம், வீட்டில், மைனியும் இருக்கும்போது பேசுங்கள். "நீங்க விடணும்" என்று தொடங்கினால் பாட்டா கதை வந்துவிடும். "அண்ணே, எனக்கு மூச்சு முட்டுது, டாக்டர் ஊதிப் பார்க்கச் சொல்லியிருக்காரு, தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். தம்பிக்காக இவ்வளவு காலம் நின்றவர் இதற்கு வராமல் இருக்க மாட்டார். அங்கே வந்த பிறகு அவரையும் ஊதிப் பார்க்கச் சொல்ல வேண்டியது மருத்துவரின் வேலை.

அவர் இன்றைக்கே விட்டுவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். முப்பது வருடப் பழக்கம், நிகோடின் லேசில் விடாது. பலர் நாலைந்து தடவை முயன்றுதான் விடுகிறார்கள். நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை சொல்கிறார்கள். அவர் மனம் வைக்கிற வரை கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். "வாசல்படியில் நின்று பிடிச்சா?" என்றால், அந்தப் புகை நேராகக் கல்லாவுக்குத்தான் வருகிறது, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கடையை விற்றுவிடலாமா என்று உங்கள் மனைவி கேட்டிருக்கிறார். ஊதிப் பார்த்த முடிவு வரட்டும், இன்ஹேலரை ஒழுங்காக மூன்று மாதம் எடுங்கள், கடையில் புகையை நிறுத்திப் பாருங்கள். இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அந்தக் காலண்டரைப் பார்த்துப் பேசலாம்.

கடைசியாக, அண்ணன் இதைப் படித்தால் நீங்கள் என்று தெரியக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் கடையில் மட்டும் கிடைக்கும் அந்தப் பலகாரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியையும் எடுத்துவிட்டேன். இந்த மாவட்டத்தில் அது ஒன்றே போதும், கடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.